டம்ளர்களுக்கு வணக்கம்

"கேண்டீன் பெஞ்சு மேல ஏறச் சொன்னாளா, இல்லையா?"

டாக்டர் கருணாகரன் மேஜையைத் தட்டினார். எதிரே நின்ற ஷண்முகப்ரியா நடுங்கினாள். பாதி ஊட்டிக் குளிர், மீதி கமிட்டி.

"சொன்னாங்க சார். ஆனா, நான்தான் அக்காகிட்ட..."

"ஆமாவா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

"ஆமாங்க சார்."

கமிட்டியில் மூன்று பேர். தலைவர் கருணாகரன், கல்லூரியின் ஹானர்ஸ் வகுப்புக்குப் பொறுப்பாளர். பக்கத்தில் இங்கிலீஷ் பேராசிரியை ஜெனிஸ். ஓரத்தில் ஆபீஸ் கண்காணிப்பாளர் லிங்கசாமி. ராகிங்கை ஒழிக்காமல் ஓய்வதில்லை என்று மூவரும் கங்கணம் கட்டிக்கொண்டவர்கள். ஒழிப்பதற்கு ஒரு ராகிங்கும் கிடைக்காமல் மூன்று வருஷமாகத் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது கிடைத்துவிட்டது, அதுவும் யாரோ எடுத்து அனுப்பிய வீடியோவோடு.

வீடியோவில் முதலாண்டு ஷண்முகப்ரியா பெஞ்சு மேல் நிற்கிறாள். எதிர் மேஜையில் வரிசையாகப் பன்னிரண்டு காலி டீ டம்ளர். அவற்றுக்கு இங்கிலீஷில் வணக்கம் சொல்கிறாள். கீழே நின்று, "இன்னும் சத்தமா!" என்று கைதட்டுகிறாள் மூன்றாமாண்டு நாஜ்னீன்.

பார்க்கிற யாருக்கும் ரத்தம் கொதிக்கும். நாஜ்னீனை வெளியே வராண்டாவில் நிறுத்தியிருந்தார்கள். சஸ்பெண்ட் ஆர்டர் டைப் அடித்தாகிவிட்டது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

நடந்ததோ வேறு. ஹானர்ஸில் சேர்ந்த முதலாண்டுப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் பத்து நிமிஷம் இங்கிலீஷில் பேச வேண்டும். பேசாவிட்டால் சாதாரண வகுப்புக்குத் திரும்ப வேண்டியதுதான். மனுஷ முகத்தைக் கண்டாலே ஷண்முகப்ரியாவுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இவளேதான் நாஜ்னீனிடம் போய், "எனக்குச் சொல்லிக் குடுங்கக்கா" என்று நின்றாள்.

"மொதல்ல டம்ளருக்குப் பேசு. அது சிரிக்காது" என்றாள் நாஜ்னீன்.

இதைச் சொல்லத்தான் ஷண்முகப்ரியா, பாவம், வந்ததிலிருந்து வாயைத் திறக்கிறாள். விட்டால்தானே!

"எந்த ஊரும்மா நீ?" என்றார் கருணாகரன்.

"சேரங்கோடுங்க சார். டீ எஸ்டேட். லயத்துல இருக்கோம்."

எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டுக்கு அவர்கள் குடும்பத்தில் அதுதான் பெயர். தாத்தாவோடு இலங்கையிலிருந்து வந்த சொல்.

"லயமா? அப்போ சங்கீதக் குடும்பம்னு சொல்லு!"

மூன்று பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

"அதையே இங்கிலீஷ்ல சொல்லேன், கேப்போம்" என்றார் ஜெனிஸ்.

ஷண்முகப்ரியாவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"வீடியோவுல மட்டும் பிரமாதமா வருது?" மறுபடி சிரிப்பு.

லிங்கசாமி கைகளைத் தேய்த்துக்கொண்டார். "என்ன குளுரு! சும்மாதான நிக்கிற கண்ணு, கேண்டீன்ல போயி மூணு டீ வாங்கிட்டு வா."

போய் வாங்கிக்கொண்டு வந்தாள்.

"எஸ்டேட் பொண்ணாச்சே! மோந்து பாத்துச் சொல்லு பாக்கலாம், இது என்ன தூளு?"

"டஸ்ட்டுங்க சார். சலிச்சா கடைசியா விழற தூளு."

"அட, கரெக்ட்டா சொல்லுதே!" லிங்கசாமி தொடையில் தட்டிக்கொண்டார்.

அவள் வந்து நாற்பது நிமிஷம் ஆயிற்று. மூன்று டம்ளரும் காலியாயின. அவளை உட்காரச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் கருணாகரன் புகார்ப் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினார். பக்கத்துக்குப் பக்கம் நம்பர் அச்சடித்த புத்தகம். ஒரு தாளையும் கிழிக்கக் கூடாது, எழுதியது எழுதியபடி யுனிவர்சிட்டிக்குப் போக வேண்டும். அவரே போட்ட விதி.

"யாருக்கும் பயப்படாத. உள்ளத உள்ளபடி எழுது. எதெது ராகிங்னு முதல் நாளே ஒங்களுக்கு லிஸ்ட் குடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னேனே, ஞாபகம் இருக்கா?"

"நல்லா இருக்குங்க சார்."

எழுத ஆரம்பித்தாள். பொறுக்க முடியாமல் கருணாகரன் எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா மேடம்! நெடுநேரம் நிற்க வைத்தல், டிக். ஊரையும் பேச்சையும் கேலி செய்தல், டிக். எடுபிடி வேலை வாங்குதல், டிக். வித்தை காட்டச் சொல்லுதல், டிக். நாலும் நடந்திருக்கு! இந்தப் பிஞ்சு எப்படித் தாங்குச்சோ!"

"ச்சே, மனுஷங்களா இவங்க!" என்றார் ஜெனிஸ்.

"அந்த நாஜ்னீனை உள்ள வரச் சொல்லுங்க. மீதியை இந்தப் பொண்ணே வாசிக்கட்டும். அவளும் கேட்டாத்தான் புத்தி வரும்."

நாஜ்னீன் வந்து கதவோரம் நின்றாள். அழுது அழுது கண் சிவந்திருந்தது.

ஷண்முகப்ரியா புத்தகத்தைக் கையில் எடுத்தாள். எதிரே மூன்று முகங்கள். வழக்கம்போல நாக்கு ஒட்டிக்கொண்டது. திரும்பி நாஜ்னீனைப் பார்த்தாள்.

நாஜ்னீன் கண்ணால் மேஜையைக் காட்டினாள். அங்கே மூன்று காலி டம்ளர்.

ஷண்முகப்ரியா மூச்சை இழுத்து விட்டாள். அந்த டம்ளர்களைப் பார்த்து, ஒரு தடங்கல் இல்லாமல், கணீரென்ற இங்கிலீஷில் வாசித்தாள்:

"தேதி: இன்று. நேரம்: பதினொன்று பத்து முதல் பதினொன்று ஐம்பது வரை. இடம்: இந்த அறை. செய்தவர்கள்: டாக்டர் கருணாகரன், பேராசிரியை ஜெனிஸ், திரு. லிங்கசாமி."