புதுத் தேக்குக் கட்டில்

மர அறுவை மில்லில் கெஞ்சி வாங்கி வந்த புதுத் தேக்குத் தூளைக் கட்டிலுக்கு அடியில் தூவிக்கொண்டிருந்தார் பரசுராமன். சம்பந்தியாகப் போகிறவர் உள்ளே நுழைந்ததும் புது மர வாசனை அடிக்க வேண்டும். பெண்ணைப் பெற்றவன் என்னென்னதான் செய்ய மாட்டான்!

இடிக்கிற வீடுகளின் கதவு, ஜன்னல், உத்தரங்களை வாங்கி நாற்காலியும் பெஞ்சுமாக மாற்றுவது அவர் தொழில். திருவண்ணாமலை டீக்கடைகளில் பாதிக்கு அவர் பெஞ்சுதான். அது தெரிந்துதான் கீழ்பென்னாத்தூர் சக்கரவர்த்தி நிச்சயதார்த்தத்திலேயே கறாராகச் சொல்லிவிட்டார். சீர் கட்டில் புது மரத்தில்தான் வேண்டும், எவன் வீட்டு இழவு பார்த்த கட்டையிலோ தன் மகன் படுக்க முடியாது என்று.

புதுத் தேக்குக்கு எங்கே போவது? மகள் வேதாவுக்குக் கைக்கு வந்த இரண்டு இடம் ஏற்கெனவே நழுவிவிட்டது. இதுவும் போனால் மனைவி ஜோதியம்மாள் தாங்க மாட்டாள்.

மாப்பிள்ளையின் உத்தியோகத்தைவிட, சொந்த வீடு என்பதில்தான் அவளுக்கு மனசு நிறைந்திருந்தது. அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவள் கேட்கும்போதெல்லாம், வெள்ளையடிக்கிறோம், அப்புறம் வாங்க என்று பதில் வந்தது. பெரிய இடம், அப்படித்தான் இருக்கும் என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

கடைசியில் தரகர் கண்ணாயிரம் கொண்டுவந்து இறக்கிய ஒரு பழைய வாசக்காலை அறுத்துத்தான் பரசுராமன் கட்டில் செய்தார். எந்த ஊர் வீடு என்று தரகர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்ட கட்டையில் படுக்கை போடுவது பாவம் என்று அவருக்குத் தெரியாதா என்ன? தெரிந்தேதான் இழைத்தார். பாலிஷ் போடும்போது அழுதும் தீர்த்தார்.

தீபம் முடிந்த மறுவாரம் சக்கரவர்த்தி தனியாகக் கட்டில் பார்க்க வந்தார். ஜோதியம்மாளும் வேதாவும் காபி போட உள்ளே போனார்கள்.

கட்டில் காலைத் தட்டிப் பார்த்தார். வேலைப்பாடு நன்றாக இருக்கிறது என்றார். சட்டத்தைத் தடவிக்கொண்டே போன கை ஓரிடத்தில் நின்றது.

மண்டியிட்டுக் குனிந்து பார்த்தார். சட்டத்தின் உள்பக்கம், வருஷக்கணக்காக அகல் வைத்துச் சுட்ட கறுப்புத் தழும்பு, எவ்வளவு இழைத்தும் போகாமல் கிடந்தது. குனிந்தவர் நிமிரவேயில்லை.

பரசுராமன் கைகூப்பினார். இனி மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

"பழைய கட்டைதாங்க. பொய் சொல்லிட்டேன், எனக்கு வேற வழி தெரியலை. என்னை என்ன வேணா பேசுங்க. என் பொண்ணை மட்டும் வேணாம்னு சொல்லிடாதீங்க."

சக்கரவர்த்தி மெல்ல எழுந்தார். முகத்தில் ஈயாடவில்லை. அடுக்களைப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, பரசுராமனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மெதுவாப் பேசுங்க சம்பந்தி, உள்ள கேட்டுடப் போவுது" என்றார். சட்டத்தைக் கண்ணால் காட்டினார்.

"இது எங்க வீட்டு வாசக்கால்ங்க."