டார்லீன் நடத்திய விசாரணை

அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லுக்குப் பயந்து ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த முட்டியைத் தேய்த்தபடி, டார்லீன் விசாரணையை ஆரம்பித்தாள்.

“ஏம்மா ரோமினா, உன் மாணவர் விசா எப்ப முடியுது?”

“ஜூன்ல, அத்தை.”

“கல்யாணம்?”

“மே மாசம்.”

“யார் காதுல பூ சுத்துற? உருகுவேலேர்ந்து நெப்ராஸ்காவுக்குப் படிக்க வந்தவ, விசா முடியற நேரமாப் பாத்து என் பையனப் புடிச்சுட்ட!”

மகன் வேட், தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

“உண்மையச் சொல்லு. நிரந்தரமாத் தங்க அனுமதி வேணும்னுதானே இந்தக் கல்யாணம்?”

ரோமினா வேட் பக்கம் பார்த்தாள். வேட் உப்பு டப்பாவைப் பார்த்தான்.

“காதலுந்தான் அத்தை. ஆனா... அதுவும் இருக்கு.”

“பாத்தியாடா! அவ வாயாலயே ஒத்துக்கிட்டா. ஏமாளிப் பயலே, உன்னை வெச்சுக் காரியம் சாதிச்சுக்கறாடா!”

“அம்மா... அனுமதி எனக்கும்மா” என்றான் வேட்.

“என்னது?”

“படிப்பு முடிஞ்சதும் அவ ஊருக்குக் கிளம்புறா. அவளைக் கட்டிக்கிட்டா நானும் உருகுவேல நிரந்தரமாத் தங்கலாம். அங்க ஆஸ்பத்திரிக்குப் போனா வீட்டை விக்க வேணாம்மா. கல்யாணத்துக்கு இப்ப என்ன அவசரம்னுதான் அவ கேட்டா. நாந்தான் கால்ல விழுந்தேன்.”

டார்லீனின் கை மறுபடி முட்டிக்குப் போனது.

“அங்க... முட்டி ஆபரேஷன்கூடப் பண்ணுவாங்களா?”

“நல்லாவே பண்ணுவாங்க, அத்தை.”

டார்லீன் நொண்டி நொண்டி எழுந்து போய், இருந்ததிலேயே பெரிய இறைச்சித் துண்டை ரோமினாவின் தட்டில் வைத்தாள்.

“சாப்பிடு கண்ணு, எளைச்சுப் போயிட்ட. கல்யாணத்தை எதுக்கு மே வரைக்கும் இழுக்கணும்? ஆமா... அந்த அனுமதியில மாமியாரையும் சேத்துக்குவாங்களா?”