ஒரு செகண்டு ஆடக் கூடாது

பந்தல்குடி மண்டபத்தில் விடியற்காலை முகூர்த்தம். கரண்டு போய்விட்டது. மேடையில் இரண்டு குத்துவிளக்குகள் மட்டும் எரிந்தன. சுபத்ராவின் கேமரா யாரோ பயன்படுத்தியதைப் பழசாக வாங்கியது, பிளாஷ் கிடையாது.

"இந்த இருட்டுல படம் விழுகுமா தாயி?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா காசிராஜன்.

"விழுகும் மாமா. லென்ஸை முழுசாத் திறந்து வச்சு ஒரு செகண்டு எடுக்கணும். அதுவரைக்கும் யாரும் ஆடக் கூடாது."

கேமராவை ஓர் அரிசி மூட்டையின்மேல் அசையாதபடி பதித்தாள்.

"மாப்பிள்ளை, தாலியைக் கழுத்துக்கிட்ட கொண்டுபோயி கையை அப்படியே நிறுத்தணும். நடுங்குனா படம் கலங்கிரும்."

மாப்பிள்ளை ஜெகதீஸ்வரன் பவ்யமாகத் தலையாட்டினான்.

"நேரம் போகுது. பொண்ணு மணைக்கு வரணும்லா?" என்றார் காசிராஜன்.

"இந்தா வந்துருவா மாமா."

அந்தக் கேமராவில், அமுக்கிவிட்டால் பத்து செகண்டு கழித்துத் தானே படமெடுக்கும் விசை ஒன்று இருந்தது. ஜெகதீஸ்வரனையும் பக்கத்துக் காலி மணையையும் சரியாகக் குறிபார்த்து, சுபத்ரா அதை அமுக்கினாள். கேமரா கிர்ரென்று ஓடத் தொடங்கியது.

கூறைப்பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி மேடைக்கு ஓடினாள். காலி மணையில் உட்கார்ந்து, மாலையைச் சரிசெய்து, அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ம், கொண்டாங்க," என்றாள் ஜெகதீஸ்வரனிடம் மெதுவாக. "இன்னும் நாலு செகண்டுதான் இருக்கு."