வெள்ளைப் பெட்டியின் சந்தேகம்

கடை அலமாரியில் இருந்த வெள்ளைக் கம்ப்யூட்டர் லேசில் யாரையும் நம்பாது. தன் கம்பெனி எழுதிய புரோகிராமைத் தவிர வேறெதையும் ஏற்ற முடியாதபடிதான் அதைச் செய்திருந்தார்கள். பக்கத்திலிருந்த கறுப்புக் கம்ப்யூட்டரின் கம்பெனியோ, யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது.

"கண்ட ஆளையெல்லாம் உள்ளே விடுறியே, ஒருநாள் குடலை உருவிட்டுப் போகப்போறான் பாரு," என்றது வெள்ளை.

"அவங்களாலதான் நாலு வேலை கத்துக்கிட்டேன்," என்றது கறுப்பு.

கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் தணிகாசலம் கடைக்கு வந்தார். "தமிழ் எழுத்து வருமா?" என்று கேட்டார். யாரோ ஒரு வாத்தியார் எழுதிய தமிழ் எழுத்துப் புரோகிராமைக் கடைக்காரர் சி.டி.யில் வைத்திருந்தார். கறுப்பு அதை உடனே ஏற்றுக்கொண்டது. வெள்ளையோ, "யார் நீ? எங்க கம்பெனி அனுப்பிச்ச ஆளா?" என்று சி.டி.யை வெளியே தள்ளியது.

கறுப்பு தணிகாசலத்தோடு ஆட்டோவில் ஏறிப் போனது. அடுத்தடுத்து வந்தவர்களும் அதே மாதிரிக் கறுப்புக் கம்ப்யூட்டரையே கேட்டு வாங்கினார்கள். வெள்ளையின் மேல் தூசிதான் ஏறியது.

ஒருநாள், கடைக்காரர் போனில் பேசியதைக் கேட்ட சுவர்ப் பல்லி ஒன்று வெள்ளையிடம் ஓடிவந்தது. "உங்க கம்பெனியை இழுத்து மூடிட்டாங்களாம்!"

வெள்ளை அதை ஏற இறங்கப் பார்த்தது.

"இதைச் சொல்லச் சொல்லி எங்க கம்பெனிதான் உன்னை அனுப்பிச்சுதா?"