இருபத்திரண்டு படங்களின் குரல்

"எழுதிக்குங்க. இருபத்திரண்டு படத்துல அந்த ஆளு வாயை மட்டும்தான் அசைச்சாரு. பேசினது பூரா நான்."

டப்பிங் அறையில் நின்றபடி போனில் பொரிந்து தள்ளினார் குரல் கலைஞர். மறுமுனையில் பத்திரிகை நிருபர்.

"இப்போ ஹீரோ வேஷம் எடுபடலை. நரைச்ச தாடியோட வாட்ச்மேனா நடிக்கிறாரு. அதுக்குச் சொந்தக் குரலாம். தகர டப்பாவுல கல்லைப் போட்டு உருட்டின மாதிரி இருக்கு. ஏத்திவிட்டவனைக் கழட்டிவிட்டாச்சு. இதையும் போடுங்க."

போனை வைத்ததும் நெஞ்சு லேசானது. அன்றைக்கு ஏதோ ஒரு படத்தின் கிழவருக்கு ஏழு வரி பேச வேண்டியிருந்தது.

"ஆரம்பிக்கலாமா? ஏம்ப்பா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் நிமிரவில்லை.

"மைக் திறந்திருந்துதுண்ணே. எல்லாம் கேட்டுது."

"கேட்கட்டுமே. பொய்யா சொன்னேன்?"

பதிலுக்கு ஒலிப்பதிவாளர் ஒரு பழைய பதிவை ஓடவிட்டார். அந்த நடிகருக்குக் குரல் கலைஞர் கடைசியாகப் பேசிய படம். ஒரே வசனம்: 'நான் இருக்கேம்மா.' முதல் தடவை பிசிறு. ஆறாவது தடவை இருமல். பதினேழாவது தடவை வெறும் காற்று.

"அன்னிக்கு எனக்கு ஜலதோஷம்."

"மூணு வருஷமாவாண்ணே?"

"படத்துல நல்லாத்தானே வந்துது?"

"உங்க பழைய படங்கள்லேருந்து வார்த்தை வார்த்தையா வெட்டி ஒட்டினேன். தயாரிப்பாளர் வேற ஆளைப் போடச் சொன்னாரு. ஹீரோதான் ஒத்துக்கலை. 'ஆளை மாத்தினா, அவருக்குத் தொண்டை போச்சுன்னு ஊரே பேசும். அப்புறம் அவரை யாரும் கூப்பிட மாட்டாங்க. வேஷத்தையே மாத்திக்கிறேன், நானே பேசித் தொலைக்கிறேன்'னாரு. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

குரல் கலைஞருக்குக் காது மடல் சுட்டது. கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. நிருபரை அழைத்தார்.

"தம்பி, நான் சொன்னது எதையும் போடாதீங்க. எல்லாம் தப்பு."

"என்ன சார் இப்படிச் சொல்றீங்க? இப்பத்தான் அந்த நடிகர்கிட்டயும் கேட்டேன். 'அவர் சொன்னது அத்தனையும் நிஜம். ஒரு வரி விடாம போட்டுடுங்க'ன்னுட்டாரே."