எழுதியவர் கையொப்பம்

பேராசிரியர் அந்தப் படிவத்தை, ஏதோ செப்புப் பட்டயம் போல, இரண்டு கைகளாலும் மேசைமேல் வைத்தார்.

நூலகரம்மா மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு படித்தார்.

பல்கலைக்கழக நூலகத்தின் பழைய ஆய்வேடுகளை ஸ்கேன் செய்து, யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் படிக்கும்படி திறந்துவிடும் வேலை ஆறு மாதமாக நடக்கிறது. நானூற்றுப் பன்னிரண்டு ஏடுகள் திறந்தாகிவிட்டன.

நானூற்றுப் பதின்மூன்றாவதைத் திறக்காமல் மூடி வைக்கச் சொல்லித்தான் பேராசிரியர் படிவம் கொண்டுவந்திருந்தார்.

இத்தனைக்கும் திட்டத்தைத் தொடங்கி வைத்தவரே அவர்தான். 'அறிவுக்கு எதற்குப் பூட்டு?' என்று நாற்பது நிமிடம் முழங்கினார். நடுவில் இரண்டு முறை தண்ணீர் குடித்தார்.

இந்த ஒன்றுக்கு மட்டும் பூட்டு வேண்டும்.

இருபத்தாறு வருடங்களுக்கு முன், அவர் வேறு ஊரில் வேலை பார்த்தபோது, வெளித்தேர்வாளர் என்ற முறையில் அவர் வீட்டுக்குத் தபாலில் வந்த ஏடு அது. தாலாட்டுப் பாட்டில் தாய்மார்கள் யாரையெல்லாம் திட்டுகிறார்கள் என்ற ஆராய்ச்சி. வாழ்நாளில் அவர் ஒரு வரி விடாமல் படித்த ஒரே ஆய்வேடு. படித்த படிப்பில் இரண்டே வருடத்தில் அது அவருடைய புத்தகமாகவே ஆகிவிட்டது.

எழுதிய பெண்ணை அவர் பார்த்ததில்லை. வாய்மொழித் தேர்வன்று அவருக்குக் காய்ச்சல்.

பிறகு இங்கேயே துறைத்தலைவராக வந்தார். ஏடு அடித்தள அறையில் கிடந்தது. எடுத்துப் பார்க்கத் துறைத்தலைவரின் அனுமதி வேண்டும். அனுமதி யாருக்கும் கிடைத்ததில்லை.

அடுத்த வாரம் அந்தப் புத்தகத்துக்குப் பெரிய பரிசு கொடுக்கிறார்கள்.

"எழுதினவங்க கையெழுத்து இல்லாம மூட முடியாது சார்."

"அந்தப் பொண்ணை நான் எங்கேன்னு போய்த் தேடுறது? எந்த அடுப்படியில கரண்டியும் கையுமா நிக்குதோ! நீங்களே ஏதாவது பார்த்துச் செய்யுங்கம்மா. பதினோரு வருஷப் பழக்கம் நமக்கு."

நூலகரம்மா பேனாவைத் திறந்தார். எழுதியவர் கையொப்பம் என்ற கட்டத்தில், துளித் தயக்கமும் இல்லாமல், ஒரு கையெழுத்து விழுந்தது.

பேராசிரியருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவ்வளவு சுலபமா! கள்ளக் கையெழுத்தைக்கூட என்ன சரளமாகப் போடுகிறார்! இந்த அம்மாளின் பதவி உயர்வுக்கு மேலிடத்தில் ஒரு வார்த்தை போட்டுவைக்க வேண்டும்.

பேனா நிற்கவில்லை. 'மூடி வைக்கவும்' என்பதற்கு எதிரே பேராசிரியர் போட்டிருந்த டிக்கை அடித்து நீக்கியது. 'எல்லோருக்கும் திறக்கவும்' என்பதற்கு எதிரே, தாள் கிழிகிற மாதிரி, ஒரு டிக் போட்டது.

நூலகரம்மா கணினிப் பக்கம் திரும்பி ஒரு விசையைத் தட்டினார். ஏடு திறந்துகொண்டது.

பேராசிரியர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "என்னம்மா பண்றீங்க? அது கள்ளக் கையெழுத்து, செல்லாது! நான் துணைவேந்தர்கிட்டயே போவேன்!"

"தாராளமா போங்க சார். கையெழுத்து அசல்தான். கல்யாணத்துக்கு முன்னாடி இனிஷியல் மட்டும் வேற."