தூரமாப் போயிட்டு வாரது

"டிரவுன்னா என்ன?"

"தூரமாப் போயிட்டு வாரது."

மறுபடியும் தப்பு. மற்ற எல்லா வார்த்தைக்கும் கடகடவென்று அர்த்தம் சொல்கிற ஆஸ்லின், இந்த ஒன்றில் மட்டும் அடம்பிடித்தாள். நாலாங்கிளாஸ் பிள்ளைக்கு அத்தனை அடம்.

அலையாத்திக் காட்டைச் சுற்றிப் பார்க்கக் காரங்காட்டில் படகு ஏற வருகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுவது என் வேலை. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். இங்கிலீஷ் மட்டும் என்னை விடவில்லை. ஆள் வராத மத்தியானங்களில் கட்டிப்போட்ட படகில் உட்கார்ந்து ஆஸ்லினுக்கு ரைமிங் வார்த்தை சொல்லிக்கொடுப்பேன்.

போட் என்றால் கோட். நெட் என்றால் வெட். ஒன்று சொன்னால் அடுத்தது தானாக வந்து கரையேறும். படகும் அதே கணக்கில் ஆடும். அலையாத்தி மரங்களுக்குள்ளிருந்து வெளிச்சமே பச்சையாக வரும். பாதிப் பாடத்தில் எனக்கே கண் சொக்கும்.

பள்ளிக்கூடத்தில் போட்டி. அவர்கள் ஒரு வார்த்தை சொல்வார்கள். அதோடு ஒத்துப்போகிற வார்த்தையும், இரண்டுக்கும் தமிழில் அர்த்தமும் சொல்லணும். ஜெயிக்கிற ஒரு பிள்ளையை ரயிலில் பாம்பன் பாலம் வழியாக ராமேஸ்வரம் கூட்டிப்போவார்கள்.

"பாலத்துல போறப்ப ரெண்டு பக்கமும் கடல் மட்டும்தான் தெரியுமாமேக்கா. பறக்குற மாதிரி இருக்குமா?"

"ஜெயிச்சுட்டுப் போய்ப் பாரு. டிரவுன்னா என்ன?"

"தூரமாப் போயிட்டு வாரது."

போனில் அகராதியைத் திறந்து நீட்டினேன். 'நீரில் மூழ்கி இறத்தல்.' மனசுக்குள்ளேயே வாசித்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். சரிக்கா என்றாள். மறுநாள் கேட்டால் அதே பழைய பதில்.

எனக்குக் கோபம் அவள்மேல் இல்லை, அவள் அம்மா மேல்.

லூர்து மேரி சித்திக்குப் படகுத்துறையிலேயே சாப்பாட்டுக் கடை. நாங்கள் படிப்பது அங்கே நன்றாகக் கேட்கும். சித்தியின் வீட்டுக்காரர் யாக்கோபு போன வருசம் காற்றில் வள்ளம் கவிழ்ந்து போனவர். கூடப் போனவர்கள் நீந்தி வந்துவிட்டார்கள். அவர் வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை.

சித்தி நம்பவில்லை. எல்லை தாண்டி ஒதுங்கியிருப்பார், இலங்கை ஜெயிலில் இருப்பார், விட்டால் வந்துவிடுவார் என்றுதான் இன்றைக்கு வரைக்கும் பேச்சு. கடலில் போனவர்களுக்குக் கல்லறை கிடையாது. அதனால் கல்லறைத் திருநாள் அன்று கரை மணலில்தான் அவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றுவோம். சித்தி மட்டும் ஏற்றவில்லை. அண்ணனுக்காக ஏற்ற வந்த கொழுந்தனையும் திட்டி அனுப்பிவிட்டார். வீட்டுக்காரரின் சட்டைகள் இன்னும் துவைத்து மடித்தபடி இருக்கின்றன.

தான் கனவு காண்பது போதாது என்று பிள்ளையையும் கனவிலேயே வளர்க்கிறார். எனக்கு மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"நீங்கதான் சித்தி பிள்ளையைக் கெடுக்குறீங்க."

அவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. வறுத்த இறால் இரண்டை என் கையில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

போட்டி அன்றைக்கு சித்தி கல்யாணப் பட்டுச் சேலையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில். கடைசியில் மிஞ்சியது ஆஸ்லினும் ஜெனிஷும். ஜெனிஷ் தன் வார்த்தையில் கோட்டைவிட்டான். ஆஸ்லின் தன் வார்த்தையைச் சரியாகச் சொன்னால் ரயில் அவளுக்குத்தான்.

"டிரவுன்," என்றார் நடுவர்.

நான் நாற்காலி நுனிக்கு நகர்ந்தேன்.

"கிரவுன். கிரீடம்." கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"சரி. டிரவுனுக்கு அர்த்தம்?"

ஆஸ்லின் முன்வரிசையைப் பார்த்தாள். சித்தி சிரித்துத் தலையாட்டினார். அவளும் சிரித்தாள்.

"தூரமாப் போயிட்டு வாரது."

நடுவர் உதட்டைப் பிதுக்கினார். அடுத்த வார்த்தையில் ஜெனிஷ் ஜெயித்துவிட்டான்.

சித்தி என் பக்கம் திரும்பினார். "சரியாத்தான சொன்னா? ஏன் குடுக்கல? அதுக்கு வேற என்ன அர்த்தம்?"

வாயைத் திறந்தேன். அதற்குள் மேடையிலிருந்து ஓடிவந்த ஆஸ்லின் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். நகம் பதிந்தது.

"மறந்துபோச்சும்மா," என்றாள்.

"போகுது விடு. உங்கய்யா வரட்டும். அதே ரயில்ல கூட்டிட்டுப் போவாரு."

மகளின் கன்னத்தைத் தட்டிவிட்டு சித்தி வாசலில் நின்ற ஐஸ் வண்டிக்குப் போனார்.

நான் விடவில்லை. "அகராதியில காட்டுனேன்ல. நீயே வாசிச்சல்ல. ஒரு அர்த்தம் மண்டையில ஏறலையா உனக்கு?"

அம்மா திரும்புகிறாரா என்று ஆஸ்லின் பார்த்துக்கொண்டாள். பிறகு என் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னாள்.

"எனக்கு அர்த்தம் தெரியும்க்கா. அம்மாவுக்குத்தான் இன்னும் தெரியாது."